கொரிய நாவலின் கடைசிப் பக்கம்

வாய்மொழித் தேர்வு தொடங்கியதுமே பேராசிரியர் சடகோபன் ஒரு கொரிய நாவலைப் பற்றிய ஜெசிந்தாவின் முனைவர் பட்ட ஆய்வேட்டை மேசையில் தள்ளி வைத்தார்.

"அடிப்படையே தப்பும்மா. கடைசியில மகள் ஊருக்குத் திரும்பி வந்துடுறா. வரவே இல்லைன்னு நீ எழுதியிருக்க."

பக்கத்தில் இருந்த தேர்வாளர் தேன்மொழி அவரைத் திரும்பிப் பார்த்தார். "திரும்பி வர்றாளா சார்? நான் படிச்சதுல அம்மாவையும் கூடவே கூட்டிட்டுப் போறாளே."

இருவரும் அந்தக் கொரிய நாவலைப் படிப்பான் என்ற கருவி தமிழாக்கித் தந்தபடிதான் படித்திருந்தார்கள். படிப்பவர் மனம் நோகாதபடி, அவரவருக்கு ஏற்ப, அவர்களுக்கே தெரியாமல் கதையை மாற்றித் தருவது அதன் வழக்கம். இப்போது எல்லோரும் அப்படித்தான் படிக்கிறார்கள்.

ஜெசிந்தா அப்படிப் படிக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் கொரியர்கள் நடத்தும் உணவகத்தில் பரிமாறிக்கொண்டே அவர்கள் மொழியைப் பேசவும் படிக்கவும் கற்றவள். பையிலிருந்து அச்சுப் புத்தகத்தை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைக் கொரிய மொழியில் வாசித்து, வரிக்கு வரி தானே தமிழில் சொன்னாள். குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

மகள் ரயில் ஏறுகிறாள். நடைமேடையில் அம்மா திணித்த அவித்த முட்டை கையில் இன்னும் சுடுகிறது. ரயில் கிளம்புகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சடகோபனின் மகள் டொராண்டோ போனவள், பிறகு வரவேயில்லை என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்கிட்ட பொய் சொல்லியிருக்கு," என்று மேசையில் இருந்த தன் படிப்பானை நிறுத்தினார். "இன்னொரு தடவை வாசிங்க, டாக்டர் ஜெசிந்தா."