விரல் நுனிவரை

காலையில் எழுந்து பெலிக்ஸ் பல் தேய்த்தான், தண்ணீர் பிடித்து வைத்தான், சட்டையை இஸ்திரி போட்டான். பிறகு மனைவி செலினின் ஊதாப் புடவையையும் இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு பிணவறைக்குப் போனான். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் அவள் அம்மா நாளைதான் வந்து சேருவார். அதுவரை உடல் கெடக் கூடாது. எம்பாம் செய்யும் சூசை, கழுத்தோர ரத்தக்குழாய் வழியாக மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. விரல்கள் மட்டும் நீலம் பாரித்துக் கிடந்தன.

"அங்க மருந்து போகல தம்பி. தேய்ச்சுவிட்டா போகும். நீங்க வெளிய இருங்க, நான் பாத்துக்கறேன்."

"அத்தை வந்ததும் கையைத்தான் பிடிப்பாங்க. நானே தேய்க்கிறேண்ணே."

முழங்கையிலிருந்து விரல்களை நோக்கித் தேய்த்தான். நகங்களுக்கு அடியில் மெல்ல மருந்தின் இளஞ்சிவப்பு ஏறியது.

"நம்ம கையைவிடச் செவந்துடுச்சு. விடுங்க தம்பி" என்றார் சூசை.

அவன் விடவில்லை. ஆஸ்பத்திரியில், குளிருகிறது என்று அவள் நீட்டிய கையையும் இப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தான். கண்ணைத் திறக்காமலே அவள் கடைசியாகச் சொன்னாள்:

"போதும்டா, உனக்குக் கை வலிக்கும்."