ஈர முந்தானை

"இன்னாடா லோகு, உங்க நைனா பொம்பளைங்க முந்தானையெல்லாம் தண்ணியில முக்க வெக்கிறாராமே? நீ இன்னான்னா இங்க குந்திகினு சுதந்திரம் பேசுறே!"

திருவொற்றியூரிலிருந்து வேலைக்குப் போகிற ரயிலில், அத்தனை பேர் முன்னாலும் மதார் சாகிப் இப்படிக் கேட்டுவிட்டான். தோஸ்துதான். ஆனாலும் லோகநாதனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பேசின் பிரிட்ஜ் பக்கம் அச்சாபீஸில் வேலை பார்க்கிறவன், கதர் கட்டுகிறவன், போன கூட்டத்தில் மேடையேறி முழங்கியவன் வேறு.

விஷயம் பொய்யில்லை. எண்ணூர்ப் பக்கம் ஒரு உப்பளத்தில் அவன் அப்பா வேலப்பன் வாசல் சேவகர். சாயங்காலம் சங்கு ஊதினால், உப்பு சுமக்கிற பெண்கள் வரிசையாக வரவேண்டும். வாசலில் ஒரு பீப்பாய். அதில் முந்தானையை முழுசாக முக்கி, அவர் எதிரில் விரித்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே கால் வைக்கலாம். ஒரு பிடி உப்பை முடிந்து வைத்திருந்தால் கரைந்து போகுமே! வரி போட்டு விற்கிற உப்பாயிற்றே, குந்துமணி போனாலும் துரைக்குப் பொறுக்காது. இந்த யோசனையை முந்தின துரைக்குச் சொல்லிக் கொடுத்ததே வேலப்பன்தானாம்.

சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு அந்தப் பெண்கள் ஸ்டேஷன் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போவார்கள்.

"கட்டையில போறவனே! உன் கை வெளங்குமா!"

காது கொடுத்துக் கேட்க முடியாது. மனுஷர் வாயே திறக்கமாட்டார்.

அன்று சாப்பிட உட்கார்ந்ததுமே லோகநாதன் ஆரம்பித்துவிட்டான்.

"நைனா, நாடே உப்பு காய்ச்சி ஜெயிலுக்குப் போய்க்கினு கீது. நீ பொம்பளைங்கள நனைச்சு அனுப்பிகினு கீறே. பக்கத்து வூட்டு பூவம்மாக்கா இடுப்பெல்லாம் புண்ணாம். வெக்கமா இல்ல?"

வேலப்பன் நிதானமாகக் கஞ்சியைக் குடித்து முடித்தார்.

"ராஜான்னு ஒருத்தன் கீறான். சட்டம்னு ஒண்ணு கீது. அதுக்குள்ள குனிஞ்சு நிமிந்து பொழைக்கக் கத்துக்கணும். ஒண்ண ஒடைச்சா அந்த எடத்துல இன்னா வந்து குந்தும்னு உனுக்குத் தெரியுமா?"

"எது வந்தாலும் இத்த வுட மோசமா இருக்காது."

"எங்கப்பன் காலத்திலயும் அப்டித்தான் சொன்னாங்க."

"நீ அடிமை நைனா!"

அம்மா உயிரோடு இருந்திருந்தால் வாயிலேயே ஒன்று போட்டிருப்பாள். வேலப்பன் பேசாமல் கை கழுவ எழுந்து போனார். அந்தப் பேசாமைதான் லோகநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரமே ஆள் திரட்டிக்கொண்டு, கொடியோடு உப்பள வாசலில் போய் உட்கார்ந்துவிட்டான். "தாய்மார்களை நனைக்காதே! பீப்பாயை உடை!" ஒரே கூச்சல்.

வேலை விட்டு வந்த பெண்கள் திகைத்துப் போய் நின்றார்கள். பூவம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"லோகு, வேணாம்பா. எங்க பாட்ட நாங்க பாத்துக்கறோம். எழுந்து வூட்டுக்குப் போ."

"பயப்படாதக்கா! எல்லாம் உங்களுக்காகத்தான்!"

பயத்தில் பேசுகிறாள் என்றே நினைத்தான், பாவி.

துரை புதுசு. பேப்பர்காரன் எவனாவது வந்து எழுதிவிட்டால் தன் தலைக்கல்லவா வரும்? உடனே உத்தரவு போட்டுவிட்டார்: இனிமேல் முக்க வேண்டாம், துணியை உதறிக் காட்டிவிட்டுப் போனால் போதும், பீப்பாயைக் கவிழ்த்துவிடு.

கவிழ்த்தது வேலப்பன்தான். கவிழ்க்கும்போது மகனை ஒரு பார்வை பார்த்தார். அது கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை.

தண்ணீர் ஓடின தரை கொஞ்ச நேரத்தில் வெள்ளையாகப் பூத்தது. அதை யார் பார்த்தார்கள்? லோகநாதனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

திரும்புகிற ரயிலில் பெண்கள் எல்லாரும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கதவோரம் வேலப்பன் நின்றிருந்தார். அவரை ஏறெடுத்தும் பார்க்காமல், லோகநாதன் சிரித்தபடி பூவம்மாவிடம் வந்தான்.

"இன்னாக்கா, இன்னிக்கு எங்க நைனாவ யாரும் திட்டக் காணோம்?"

"அது துரை காதுக்குத் திட்டறது, லோகு. திட்டலைன்னா அந்தாளுக்கு சந்தேகம் வந்துடாதா?"

"இன்னா சந்தேகம்?"

பூவம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்தப் பீப்பாயில இருந்தது கெணத்துத் தண்ணின்னு நெனச்சியா? உப்பு பூக்கப் போற பாத்தித் தண்ணி. தெனம் காலங்காத்தால, எவன் கண்ணுலயும் படாம, உங்க நைனாதான் மொண்டு ஊத்தி வெப்பாரு. அந்த ஈரத்தோட வூட்டுக்குப் போயி கஞ்சிச் சட்டியில பிழிவோம். இடுப்புல புண்ணு வந்தது மெய்தான். ஆனா எங்க புள்ளைங்க உப்பு போட்டுத்தான் கஞ்சி குடிச்சுதுங்க."

லோகநாதன் கதவோரம் திரும்பிப் பார்த்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா…"

"சொல்லிடுங்கன்னு நாங்க எத்தினியோ வாட்டி சொன்னோம். 'அவன் நல்லவன். ஆனா நல்லது எதுனா தெரிஞ்சா மேடை ஏறிச் சொல்லிடுவானே'ன்னாரு."

வேலப்பன் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். மகன் பக்கம் திரும்பவே இல்லை.

பூவம்மா முந்தானையை எடுத்து அவன் முன்னால் விரித்தாள். சருகு மாதிரிக் காய்ந்திருந்தது.

"இத்த இன்னிக்கு எந்தச் சட்டியில பிழியறது, லோகு?"