மாடி போர்ஷனுக்கு ஆள் வேணும்

"கருவாடாவது திம்பியளா?" என்று வடிவம்மாள் கேட்டதும் சரண்யாதேவிக்குப் பெருமை தாங்கவில்லை.

சுவர் முழுக்கச் சாமி படம். ஊஞ்சலில் வடிவம்மாளின் வீட்டுக்காரர் சிவனணைந்தபெருமாள், நெற்றியில் மூன்று பட்டை, தேவாரக் கமிட்டித் தலைவர். இந்த மாதிரி வீட்டில் சைவப் பரீட்சை வைத்தால் முதல் மார்க் தனக்கில்லாமல் வேறு யாருக்கு?

"கருவாடா! நாங்க பாலே குடிக்க மாட்டோம் அத்தை."

வடிவம்மாளின் முகம் சுருங்கியது. அதைப் பக்தி என்று சரண்யா எடுத்துக்கொண்டாள்.

எடுத்துக்கொள்ளத்தானே வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் இப்போதிருக்கிற வீட்டைக் காலி பண்ணியாக வேண்டும். இது ஏழாவது வீடு. முந்தின ஆறும் பால் காய்ச்சுகிற இடத்தில்தான் கவிழ்ந்தன. குடிபோகிற அன்று அடுப்பில் பசும்பால் பொங்காமல் எந்த வீட்டுக்காரி சாவி கொடுப்பாள்? முந்திரிப்பருப்பை ஊறவைத்து அரைத்து, அந்தப் பாலைக் காய்ச்சுகிறோம் என்று புருஷன் செந்தில்முருகன் ஒவ்வொரு வீட்டிலும் பொறுமையாக விளக்கினான். ஆறாவது வீட்டுக்காரி, அப்படியே ஏலக்காயும் தட்டிப்போட்டுப் பாயசமாகக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

செந்தில்முருகன் ஒன்றும் பிறவி ஞானி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு கல்யாணம் ஆகும்வரை ஞாயிறு தவறாமல் தருவைகுளத்துக்குப் பைக்கில் போய் மீன் வாங்கி வந்தவன்தான்.

சரண்யா பிறந்ததே சைவ வீட்டில். மீன் என்றால் அவளுக்குக் கண்ணாடித் தொட்டியில் நீந்துகிற தங்கமீன் ஒன்றுதான் தெரியும்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் இரண்டு பேருமாகப் போனில், பண்ணையில் மாடும் கோழியும் படுகிற பாட்டைக் காட்டும் ஒரு வீடியோ பார்த்தார்கள். மறுநாளே முட்டை, பால், நெய், தேன் எல்லாம் வீட்டைவிட்டு வெளியேறின. அம்மா போட்டனுப்பிய முத்துமாலைகூட, சிப்பிக்கு வலித்திருக்குமே என்று பீரோவுக்குள் போய்விட்டது.

"ஆத்திர அவசரத்துக்கு ஒரு முட்டை?"

"ம்ஹூம்."

"சரி, விருந்தாளு வந்தா? ஒரு துண்டு மீன் வாங்கிப் பொரிக்க மாட்டியளா?"

"வாசப்படியே தாண்ட விடமாட்டோம் அத்தை! பால் காய்ச்சுறதுகூட முந்திரிப்பருப்புலதான்."

வடிவம்மாள் பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போய் ஒரு தட்டு மக்ரூன் கொண்டுவந்து வைத்தாள். தூத்துக்குடியில் வீடு தேடி வந்தவர்களுக்கு வேறு என்னத்தைக் கொடுப்பது?

செந்தில்முருகன் கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் குவித்தான். "மன்னிச்சுக்கோங்க அத்தை. இதுல முட்டை வெள்ளைக்கரு இருக்கு."

ஊஞ்சல் நின்றது.

தேவாரக் கமிட்டித் தலைவரின் கையிலிருந்த மக்ரூன் வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார். செந்தில்முருகனைப் பார்த்தார். பாதி கடித்ததை எச்சிலென்று திரும்பத் தட்டில் வைக்கவா முடியும்? கண்ணை மூடி, நமச்சிவாயம் சொல்லி, விழுங்கினார்.

"யோசிச்சுச் சொல்லுதோம்" என்றாள் வடிவம்மாள்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஆறு வீடு ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியாதா?

"ஒங்க வாயில அந்த மக்ரூனத் திணிச்சிருக்கணும்" என்று புருஷனைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏசினாள் சரண்யா. அவன் தெருமுனையில் நிறுத்திய பைக்கை எடுக்க ஓடினான். அவள் மட்டும் வீட்டின் பக்கச் சந்து வழியாக வாசலுக்கு நடந்தாள். வடிவம்மாள் வழியனுப்பப் பின்னாலேயே வந்தாள். மரியாதை தெரிந்த வீடு.

சந்தில் துவைக்கிற கல்மேல் ஒரு மண்சட்டி கவிழ்ந்து கிடந்தது. ஈரம் காயவில்லை. பக்கத்தில் ஒரு கொழுத்த பூனை கண்ணை மூடி மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் காம்பவுண்டு சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுச் செல்வராணியின் தலை முளைத்தது.

"ஏ வடிவக்கா, மாடில இருந்த ஜெனிலா காலி பண்ணிப் போயி ரெண்டு மாசம் ஆச்சில்லா? இன்னைக்கு மத்தியானம் மீன் கொழம்பு வாசம் தெருவையே தூக்கிட்டுப் போச்சே! யாரு வச்சா?"

வடிவம்மாள் மெல்ல நகர்ந்து மண்சட்டியை மறைக்கப் பார்த்தாள்.

உள்ளே ஊஞ்சல் இரண்டாவது தடவையாக நின்றது.

சரண்யா சட்டியைப் பார்த்தாள். பூனையைப் பார்த்தாள். கருவாடாவது, முட்டையாவது, ஒரு துண்டு மீனாவது என்று வடிவம்மாள் கேட்டதெல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தது. அது பரீட்சை இல்லை. கெஞ்சல்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

"நாங்கதான்க்கா" என்றாள், தேன்கூடத் தொடாத சரண்யாதேவி. "மாடிக்குப் புதுசா வந்திருக்கோம். வந்ததும் வராததுமா கொழம்பு வச்சிட்டேன்."

"அதான பாத்தேன்! சைவ வீட்டுக்குள்ள ஏது மீனு?" செல்வராணி சுவரில் இன்னும் கொஞ்சம் ஏறிக்கொண்டாள். "என்ன மீன்ளா அது? அந்த மணம் மணந்துச்சே!"

சரண்யா வாயைத் திறந்தாள். கண்ணாடித் தொட்டியில் தங்கமீன் நீந்தியது. அதைச் சொல்லவா முடியும்?

அவளுடைய உள்ளங்கையில் ஏதோ சில்லென்று அழுந்தியது. சாவி.

காதோரம் வடிவம்மாளின் குரல் கேட்டது.

"வெளமீனு, மாங்கா போட்டு வச்சதுன்னு சொல்லுளா. பால நீ எந்தப் பருப்புல வேணும்னாலும் காய்ச்சிக்க."