கிராணியாரின் இனாம்

மலாயா எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி செல்லத்துரை இனாம் கொடுத்தார் என்று சொன்னால் பெடாஸ் கடைத்தெருவில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுஷன்.

அப்பேர்ப்பட்டவர் அன்றைக்கு மங்கம்மாவின் கடையில் மரவள்ளிப் புட்டும் கருவாட்டுக் குழம்பும் மூக்குப் பிடிக்கத் தின்றார். ஒரு டின் தேங்காயெண்ணெயும் ஒரு கோணி கிழங்கும் வாங்கிச் சைக்கிளில் கட்டினார். பிறகு பையிலிருந்த ஜப்பான்காரன் தன் ஆட்சியில் வாழைமரப் படம் போட்டு அடித்த நோட்டுக் கட்டை அப்படியே எடுத்து மேசையில் வைத்தார்.

“இவ்வளவு எதுக்குங்க?”

“மிச்சத்தை இனாமா வெச்சுக்கம்மா. பாவம், தனியா கடை நடத்துற.”

கிராணிக்கு உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை. காலையில் கூலிகளை மேய்க்கும் மண்டோர் காதோடு சொன்ன சேதி இன்னும் இந்தப் பக்கம் எட்டவில்லை போலும்!

“மகராசனா இருங்க” என்று மங்கம்மா நோட்டுக் கட்டை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்படியே குனிந்து அடுப்புக்குள் செருகினாள்.

“ஐயையோ! அது காசும்மா!”

“நேத்துவரைக்கும் காசுதாங்க.” ஊதுகுழலை எடுத்து இரண்டு ஊது ஊதினாள். “ஜப்பான்காரன் தோத்துட்டான்னு உங்க மண்டோருக்குச் சொன்னதே நான்தான் லா. ரேடியோ எங்க கோழிக்கூட்டுக்கு அடியிலதானே கிடக்குது.”

நோட்டு நன்றாகவே எரிந்தது.

“சாப்பாட்டுக்கும் சாமானுக்கும் ஈடா கைக்கடிகாரத்தைக் கழட்டி வெச்சிட்டுச் சைக்கிளை எடுங்க. அவசரமில்ல, காப்பி இப்பக் கொதிச்சிடும், குடிச்சிட்டே போங்க. அது என்னோட இனாம்.”