ஏழாவது வயிறு

எண்ணூர் கழிமுகத்தில் ஆறு கர்ப்பிணிகளின் வயிற்றை அச்செடுத்து, சேற்றிலே ஆறு தீவுகள் செய்து வைத்திருந்தார் ஓர் ஓவியர். 'நீர், தீவு, கருவளம்' என்று பலகை வேறு. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணியில் இறாலே சினை பிடிக்காத இடத்தில் கருவளமாம்! ஜானட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் வற்றும்போதெல்லாம் கரைந்த சேற்றைப் பூசிச் சரிசெய்வது அவள் வேலை. அவளுக்கும் ஐந்து மாதம். குழந்தைக்குத் துடிப்பு நின்றுவிட்டது என்று நேற்றைய ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள். இன்று மதியம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

இன்றைக்கு ஏழு தீவுகள் இருந்தன.

கையால் துழாவியே இறால் பிடிக்கும் சிலுவையம்மாளைக் கூப்பிட்டாள். அவள் பல்லில் கடித்திருந்த ஓலைக்கூடையை இறக்கிவிட்டு, ஏழாவது தீவுக்குள் விரலை நுழைத்தாள்.

"உள்ள இன்னாக்கா, இறாலா?"

"இறாலு துள்றது என் விரலுக்குத் தெரியாதா? இது துடிச்சிகினு கீது. அஞ்சு மாசப் புள்ளடி." சிலுவையம்மாள் விரலை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். "யாரு வயித்த அச்செடுத்தானுங்க?"

"இதுக்கு யாரையும் எடுக்கல."

ஜானட் கை வைத்தாள். சேறு வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளிருந்து ஓர் உதை விழுந்தது.

கடல் தண்ணீர் உள்ளே ஏறத் தொடங்கியது.

"எழுந்து வாடி, பேஜாரு புடிச்சவளே!"

ஜானட் வரவில்லை. ஏறும் தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து, அந்தச் சேற்றைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.