மொட்டை மாடிக் கடல்

"தினமும் காலையில எழுந்ததும் ஒரு கனவு சொல்றா மேடம். எனக்குப் பயமா இருக்கு" என்றாள் ரோகிணி.

சைனிக்புரியில் குழந்தைகள் மனநல ஆலோசகர் டோரிஸின் அறை. ரோகிணியின் எட்டு வயது மகள் தாரிகா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா குமரவேல், தரையையே பார்த்தபடி.

"இன்னிக்கு என்ன கனவு கண்ணு?" என்று கேட்டார் டோரிஸ்.

"எங்க மொட்டை மாடிக்குக் கடல் வந்துச்சு ஆன்ட்டி. தண்ணித் தொட்டி கப்பலாயிடுச்சு. நானும் அப்பாவும் ஏறிப்போய் மேகத்துக்கு வலை வீசினோம்."

குமரவேலின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது.

"இந்தத் தெலுங்கு ஊர்லயே பிறந்தவ மேடம். வீட்ல எது கேட்டாலும் தெலுங்குலதான் பதில் சொல்வா. கனவு மட்டும் தமிழ்ல வருது!" என்றாள் ரோகிணி.

டோரிஸ் தாரிகாவிடம் குனிந்தார். "அதென்ன, தமிழ்ல மட்டும்?"

தாரிகா அவர் காதில் கிசுகிசுத்தாள். "எனக்குக் கனவே வராது ஆன்ட்டி. நானே யோசிச்சுச் சொல்றேன். தமிழ்ல சொன்னாத்தான் அப்பா சிரிக்கிறார். வேற எதுக்கும் சிரிக்கிறதே இல்ல."

டோரிஸ் நிமிர்ந்தார்.

"டென்ஷன் நக்கோ ரோகிணி, கவலையே வேண்டாம், பாப்பா நல்லா இருக்கா" என்றவர், நாற்காலியைக் குமரவேல் பக்கம் திருப்பினார்.

"சொல்லுங்க சார். நீங்க நல்லாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு?"