ஒரு மாசம் சும்மா இருந்தால்

திருப்பதியில் இருந்த அந்த மென்பொருள் நிறுவனத்தில் ஆட்குறைப்பு. அம்சவேணியின் பிராஜெக்டிலிருந்து ஒருவர் போகவேண்டும். யார் என்று மேனேஜரான அவரே சொல்லவேண்டும்.

அவர் தன் பிராஜெக்டில் இருந்த யஸ்வந்தை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். எதிரே திருமலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஒரு மாசம் வேலையே இல்லைன்னா என்னப்பா பண்ணுவே?”

அவன் அவசரமாகத் தலையை ஆட்டினான். “எனக்கு லீவே வாணாம் மேடம்.”

“சும்மா சொல்லு.”

மேகத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பேச்சு தானாக வந்தது. “எங்க ஊரு கங்காதர நெல்லூருக்குப் போயிடுவேன். நைனா கரும்புக்குத் தண்ணி கட்டிக்கினு இருப்பாரு. நான் வாய்க்கால்ல காலை விட்டுக்கினு, வானத்தைப் பார்த்துக்கினு இருப்பேன்.”

அம்சவேணி கண்களை மூடிக்கொண்டார். “தண்ணி ஜில்லுன்னு இருக்குமா?”

“இருக்கும் மேடம்.”

அவன் கீழே வந்தபோது, அதே பிராஜெக்டில் இருந்த ஹரிதா கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். “என்னையும் இதேதான் கேட்டாங்க. பழவேற்காட்டுல படகுல படுத்துத் தூங்குவேன்னு உளறிட்டேன்டா.”

இருவருக்கும் மதியம் சோறு இறங்கவில்லை.

மாலையில் அம்சவேணி எல்லோரையும் கூப்பிட்டார்.

“பேரு குடுத்துட்டேன். என் பேரு.”

யஸ்வந்த் எழுந்து நின்றான். “அப்போ எங்களை ஏன் மேடம் அப்படிக் கேட்டீங்க?”

அம்சவேணி கூச்சத்தோடு சிரித்தார்.

“காலேஜ் முடிச்சதிலிருந்து வேலைதான் பார்த்துக்கினு இருக்கேன். சும்மா இருக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியலப்பா. அதான் உங்களைக் கேட்டுக் கத்துக்கினேன்.”